இந்த 41 படங்களை என்னால் அச்சிட முடியாது

நீலகிரியில் கதையாட்டம் ஆடும் நான்கு குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர்த் தோழர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் கொடுத்தனுப்பிய பென்டிரைவ் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி, நான்கு குழுக்களும் ஆறு ஆண்டுகளாக ஆடிய கதைகளின் தொகுப்பு. 112 பக்கம், 200 பிரதி, விலை 150 ரூபாய். தாளுக்கும் மைக்கும் மட்டும் காசு கொடுங்கள், கூலி வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். அந்த வாக்கிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் பென்டிரைவில் இருக்கும் வடிவத்தில் இந்தப் புத்தகத்தை என் கடையில் அச்சிட மாட்டேன். காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும், மீதி மனத்தாங்கலாகும். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கதைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவு கண்விழித்துப் படித்தேன். குன்னூரில் செவிலியராக இருக்கும் தோழி எழுதிய, மலை ரயில் பாதையில் மூடுபனிக்குள் விளக்கைத் தொலைக்கும் காவலனின் கதையை மூன்று முறை படித்தேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த பாட்டியின் தகரப் பெட்டியை, திறந்தால் மட்டுமே கனக்கும் மாயப் பெட்டியாக மாற்றியிருக்கிறாரே கூடலூர்த் தம்பி, அந்தக் கற்பனை எனக்கு வராது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தை வெளியிட்டபோது, தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், மின்சாரம் போன இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருபது முகப் பகடையை உருட்டிக்கொண்டு இப்படி ஒரு கதை பிறக்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

கதைகள் உங்களுடையவை. படங்களை எண்ணினேன். மொத்தம் 44. நம்மில் ஒருவர் வரைந்தவை 3. மீதி 41இல், 26 வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகங்களுக்காக ஓவியர்கள் தீட்டியவை. 9 படங்கள் ஓவியர்கள் தங்கள் பக்கங்களில் காட்சிக்கு வைத்தவை. அவற்றில் ஆறில் மூலையிலிருந்த கையெழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. 4 பழைய புகைப்படங்கள். இரண்டுக்கு மூலம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குற்றம் சாட்டும் இடத்தில் நின்று இதை நான் எழுதவில்லை. இந்தப் பழக்கத்தை நம் குழுவுக்குள் கொண்டுவந்தவனே நான்தான். 2009இல் என் கடைக்கு முதல் வண்ண அச்சுப்பொறி வந்தபோது, நம் முதல் ஆட்டத்துக்காக ஒரு சிறு கையேடு செய்தேன். டிராகன், பாழடைந்த கோட்டை, வாளேந்திய பெண் என்று பதினைந்து படம். எதையும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. வாளேந்திய பெண்ணின் படத்தில் வலப்பக்க ஓரம் தாளைவிட்டு வெளியே போனது. பேப்பர் கட்டரை எடுத்து ஓரத்தை வெட்டினேன். வெட்டுப்பட்ட துண்டில் ஓவியரின் கையெழுத்து இருந்தது. அது குப்பைக்கூடைக்குள் விழுந்ததை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. அன்று அது எனக்கு ஓரத்தை நேராக்கும் வேலை, அவ்வளவுதான்.

அந்தத் துண்டு எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது காட்டெருமை விஷயத்தில்தான். அரவேணுவிலிருந்து வரும் நம் தங்கை பத்தாம் வகுப்பில் படித்தபோது வரைந்த படம் அது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை ஒன்று நிற்கும். அதன் கொம்புகளுக்கிடையே ஒரு சிறு ஊர் விளக்கேற்றியிருக்கும். ஊரைக் காக்கும் தெய்வமாக நம் கதையில் அது வந்தது. நாமும் பெருமையோடு அந்தப் படத்தை இணையத்தில் போட்டோம். ஒன்றரை ஆண்டு கழித்து, இந்த மாவட்டத்தில் ஒரு சொகுசு விடுதியின் வரவேற்பறையில் ஆளுயரப் பலகையில் அதே காட்டெருமை நின்றது. கீழே அவள் எழுதியிருந்த பெயர் இல்லை. அந்த இடத்தில் விடுதியின் பெயர் இருந்தது. கொம்புகளுக்கிடையே இருந்த ஊரை அழித்துவிட்டு ஒரு தேநீர்க் கோப்பையை வரைந்திருந்தார்கள்.

நாங்கள் நான்கு பேர் போய்க் கேட்டோம். பொறுப்பில் இருந்தவர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. "நெட்டில் கிடைத்தது சார், யாருடையது என்று தெரியாது" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "பலகை இருக்கட்டும் அண்ணா, ஊரை ஏன் அழித்தார்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை என் கடை மாடியில் கூட்டம் போட்டோம். எல்லோரும் கொதித்தோம். வழக்குப் போடவேண்டும், செய்தித்தாளில் எழுதவேண்டும், ஊரார் உழைப்பைத் திருடித் தின்கிறார்கள் என்றெல்லாம் பேசினோம். நடு மேசையில் அந்த மாதத்து நம் ஆட்டக் கையேடு கிடந்தது. அதில் பதினோரு படங்கள். பதினொன்றும் 'நெட்டில் கிடைத்தவை'. அதை நான் பார்த்தேன். வேறு யாராவது பார்த்தார்களா என்று தெரியாது. அன்று நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கவேண்டும். இந்த மடலை அப்போதே எழுதியிருக்கவேண்டும்.

கூட்டங்களில் நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். அவை எல்லாவற்றையும் நானும் சொல்லியிருக்கிறேன்.

'கீழே ஓவியர் பெயரைப் போட்டுவிடுகிறோமே' என்பது முதலாவது. பெயர் போடுவது ஓவியருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். அனுமதி என்பது அவர் நமக்குத் தரவேண்டிய ஒன்று. முன்னதைச் செய்துவிட்டதால் பின்னது கிடைத்துவிட்டதாக ஆகாது. அடுத்த வீட்டுக்காரர் தோட்டத்தில் கேரட்டைப் பிடுங்கிக்கொண்டு, இது இன்னார் தோட்டத்துக் கேரட் என்று சீட்டு ஒட்டி விற்றால் அவர் என்ன சொல்வார்?

'நாம் லாபத்துக்குச் செய்யவில்லை' என்பது இரண்டாவது. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தெரிந்தே மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம். வணிக லாபத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தண்டனை குறையலாமே தவிர, செய்தது சரியாகிவிடாது. ஆட்டக்காரர்களைப் பிடித்துச் சிறையில் போட இங்கே யாரும் காத்திருக்கவில்லை, பயமுறுத்தவும் இதைச் சொல்லவில்லை. லாபமில்லை என்ற சொல்லை ஒரு கேடயம்போல் நாம் தூக்கிக்கொண்டு திரிகிறோம். அது கேடயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

'படத்தில் பதிப்புரிமை என்று எழுதவில்லையே, பதிவுசெய்ததாகவும் தெரியவில்லையே' என்று ஊட்டித் தோழர் ஒருவர் கேட்டார். பதிவு கட்டாயமே இல்லை. வரைந்து முடித்த நொடியில் உரிமை பிறந்துவிடுகிறது. அரவேணுத் தங்கை எந்த அலுவலகத்திலும் காட்டெருமையைப் பதிவுசெய்யவில்லை. ஆனாலும் அது அவளுடையது என்பதில் நம் யாருக்கும் சந்தேகம் வரவில்லையே?

சட்டம் நமக்கு எந்த வாசலையும் திறந்துவைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. வீட்டில் ஆறு பேர் கூடி ஆடும்போது, 'இதுதான் உங்கள் முன்னால் நிற்கும் மிருகம்' என்று ஒரு படத்தைக் காட்டுவதை நான் குறைசொல்லவில்லை. ஒரு விளையாட்டுப் புத்தகத்தை விமர்சித்து எழுதும்போது அதன் அட்டையைக் காட்டுவதும், ஒரு ஓவியத்தின் குறையையோ அழகையோ பேசுவதற்காக அதையே எடுத்துக்காட்டுவதும் வேறு வகை. நம் தொகுப்பில் அந்த 26 படங்களும் எதையும் பேசவில்லை. கதைக்கு நடுவே அழகுக்காக நிற்கின்றன. 150 ரூபாய் விலை போட்டு விற்கும் புத்தகத்தில் நிற்கின்றன.

அந்த விலை இன்னொரு கதவையும் அடைத்துவிடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ரசிகர்கள் ஆக்கும் படைப்புகளுக்கென்றே ஒரு கொள்கை வைத்திருக்கிறது. அதன் முதல் நிபந்தனையே இலவசமாகத் தரவேண்டும் என்பது. அதிகாரபூர்வமானது அல்ல என்ற குறிப்பும் இருக்கவேண்டும். நாம் விலை வைத்த கணமே அந்தக் கொள்கையின் நிழலிலிருந்து வெளியே வந்துவிட்டோம்.

2023 ஜனவரியை நினைத்துப்பாருங்கள். அந்த நிறுவனம், தன் விதிகளைப் பிறரும் பயன்படுத்த 2000ஆம் ஆண்டிலிருந்து இடம் தந்துவந்த திறந்த உரிமத்தை மாற்றப்போகிறது என்ற வரைவு கசிந்தபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் எழுந்தார்கள். நாமும் கோபப்பட்டோம்; குன்னூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதையே பேசினோம். அந்த மாதம் 27ஆம் தேதி நிறுவனம் இறங்கிவந்து, அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். நம் தொகுப்பின் பின்பக்கத்தில் அந்தக் குறிப்பை அழகாகச் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தொகுப்பில் இருப்பது எழுத்து. ஓவியங்கள் அதில் கிடையாது. ஒரு நிறுவனம் தன் வாக்கை மாற்றியபோது உரிமம் என்றால் என்ன என்று வரிவரியாகப் படித்த நாம், ஓவியர் என்று வரும்போது அந்தப் படிப்பையெல்லாம் எங்கே வைத்தோம்?

விதிகளைப் பற்றியோ, டிராகனைப் பற்றியோ, குள்ளர்களைப் பற்றியோ யாரும் கவலைப்படவேண்டாம். விளையாட்டின் கருத்து யாருக்கும் சொந்தமில்லை; அதைச் சொன்ன விதமும் வரைந்த விதமுமே சொந்தம். இதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது. 1875இல் ஜபல்பூரில் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் பில்லியர்ட்ஸ் மேசையில் ஸ்னூக்கர் என்ற புது ஆட்டத்தை ஆரம்பித்தார். பிறகு அது ஊட்டி கிளப்புக்கு வந்து இங்கே அதன் விதிகள் வரையப்பட்டன. ஸ்னூக்கர் உலகமெல்லாம் போய்விட்டது. ஆடுகிறவர் யாரும் ஊட்டிக்குக் கப்பம் கட்டுவதில்லை. ஆனால் ஒரு ஆள் தன் பெயரில் ஆக்கிய உருவமும் பெயரும் வேறு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆரம்பப் பதிப்புகளில் எழுத்தாளர் டோல்கீன் தன் நாவல்களில் படைத்த 'ஹாபிட்' என்ற பெயரிலேயே ஒரு இனம் இருந்தது. டோல்கீன் படைப்புகளுக்கு உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்தார்கள், 'ஹாஃப்லிங்' ஆக்கினார்கள். நம் ஆட்டத்தின் மூதாதையர்களே இந்தத் தவறைச் செய்து, பெயரை மாற்றிக்கொண்டு, மேலே நடந்தார்கள். ஆட்டம் அதனால் செத்துவிடவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூலிலிருந்து எடுத்த படம்தானே' என்று கேட்கிறார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை வாங்கி, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அது நம் மொழிக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் ஒரு எழுத்தாளரின் எழுத்து பொதுவாகும்போது, அதற்குப் பின்னாளில் வேறொருவர் வரைந்த படமும் கூடவே பொதுவாகிவிடாது. எழுத்து ஒருவருடையது, கோடு இன்னொருவருடையது.

கோடு வரைந்தவரின் பெயரும் அந்தக் கோட்டின் முழுமையும், உரிமையை விற்ற பிறகும் அவரை விட்டுப் போகாது என்று நமது சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. சிற்பி அமர்நாத் சேகல், தில்லி விஞ்ஞான் பவனில் செய்துவைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அது அரசு விலைகொடுத்து வாங்கியது, அரசின் சுவரில் இருந்தது. ஆனாலும் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. கொம்புகளுக்கிடையே இருந்த ஊரை அழித்தது ஏன் அவளுக்குப் பலகையைவிடப் பெரிதாகப் பட்டது என்பதை அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன். அந்த ஆறு கையெழுத்துகளை வெட்டிய கை யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. என் பேப்பர் கட்டரிடமிருந்துதான் அந்தப் பழக்கம் உங்களிடம் வந்தது.

இப்போது அந்த நான்கு பழைய புகைப்படங்கள். இவற்றைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

சட்டப்படி அவற்றில் ஒரு சிக்கலும் இல்லை. புகைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்குப் பிறகு அறுபது ஆண்டு உரிமை. நூறாண்டுக்கு முந்தைய படங்கள் எல்லாம் பொதுச்சொத்து. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்த மலைக்குக் கருவிகளோடு வந்து, மக்களை வரிசையில் நிறுத்தி, மண்டையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதினார். 1935இல் இறந்தார். அந்தக் காலத்துப் படங்களை இன்று யாரும் அச்சிடலாம். உங்கள் தொகுப்பின் 57ஆம் பக்கத்தில், புத்துக்குளி என்ற பூவேலைச் சால்வை போர்த்திய ஒரு தோடர் முதியவரின் படத்துக்குக் கீழே 'பனிமலைக் காட்டுமிராண்டிகளின் தலைவன்' என்று இருக்கிறது. 63ஆம் பக்கத்தில் ஒரு குறும்பர். கீழே 'சூனியக் குறும்பன், ஆபத்து நிலை 5'.

தோழர்களே, அந்தச் சொல்லுக்கு இந்த மலையில் ஒரு வரலாறு இருக்கிறது. சூனியம் வைத்தார்கள் என்ற பழியைச் சுமத்திக் குறும்பர் குடும்பங்களைக் கொன்ற சம்பவங்கள் 19ஆம் நூற்றாண்டு நீலகிரி ஆவணங்களில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. விளையாட்டில் ஒரு பூதத்துக்கு ஆபத்து நிலை குறிப்பது நமக்குப் பழக்கம். ஆனால் இது பூதம் இல்லை. ஒரு மனிதர். யாரோ நிற்கச் சொன்ன இடத்தில், யாரோ திரும்பச் சொன்ன பக்கம் திரும்பி நின்றவர். அவரிடம் அனுமதி கேட்டிருப்பார்களா? குறும்பர்கள் வாழும் வெள்ளரிக்கொம்பைப் பக்கத்திலிருந்து சாதிச் சான்றிதழையும் ஆதாரையும் நகலெடுக்க என் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகம் என் கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு இருக்கும்போது, சான்றிதழை என்னிடம் நீட்டும் பையன் 63ஆம் பக்கத்தைப் புரட்டினால் அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அது அவன் கொள்ளுத்தாத்தாவாகவும் இருக்கலாம்.

படங்களுக்குக் கீழே அந்த வரிகளை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் புத்தகங்களில் மலைகளில் வாழ்பவர்கள் எப்போதும் காட்டுமிராண்டிகளாக வருகிறார்கள். அந்த அச்சை அப்படியே நம் மலைமீது வைத்துவிட்டார். நாம் மலையில் வாழ்பவர்கள் என்பது ஒரு நிமிடம் மறந்துபோயிருக்கிறது. சட்டம் அனுமதித்தாலும் இந்த நான்கு படங்களும் அவற்றின் கீழுள்ள வரிகளும் போகவேண்டும். மற்ற 37 படங்களைப் பற்றி உங்களோடு பேசத் தயாராக இருக்கிறேன், இந்த நான்கைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

பக்க ஓரங்களில் ஓடும் சிவப்பு கறுப்புத் தோடர் பூவேலையும் ஒரு விற்பனைப் பட்டியலிலிருந்து ஸ்கேன் செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் இழை இழையாக எண்ணித் தைக்கும் பெண்கள் ஊட்டியைச் சுற்றியுள்ள மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், இன்றும் இருக்கிறார்கள். ஊட்டித் தோழர்கள் ஒருநாள் நேரில் போய்க் கேளுங்கள். எந்த வடிவத்தை அச்சில் போடலாம், எது அவர்களுக்குப் புனிதமானது, என்ன கொடுக்கவேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். வேண்டாம் என்றால் ஓரம் வெறுமையாக இருக்கட்டும்.

இயந்திரத்திடம் சொல்லி வரையவைத்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுமே என்று ஒரு தம்பி குறுஞ்செய்தி அனுப்பினார். அந்த இயந்திரங்கள் யாருடைய படங்களைத் தின்று பழகினவோ அந்த ஓவியர்களில் சிலர் நீதிமன்றப் படியேறி நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்ததை நிறுத்துவதற்காக, கேட்காமல் எடுத்ததையே அரைத்துத் தரும் ஒன்றிடம் போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, வெற்றுப் பக்கங்களோடு புத்தகம் போடலாமா என்பீர்கள். வேண்டாம். நான் கணக்குப் போட்டுவைத்திருக்கிறேன்.

கேட்டால் தருகிற ஓவியர்கள் இருக்கிறார்கள். 2019இல், வெட்கப்பட்டுக்கொண்டே, வெளிநாட்டு ஓவியர் ஒருவருக்கு எழுதினேன். நாங்கள் யார், எத்தனை பிரதி, என்ன விலை, உங்கள் படம் எந்தப் பக்கத்தில் வரும், மறுத்தால் வருத்தப்படமாட்டோம். ஐந்தே வரி. மூன்றாம் நாள் பதில் வந்தது. போட்டுக்கொள்ளுங்கள், என் பெயரை இப்படி எழுதுங்கள், இரண்டு பிரதி அனுப்புங்கள். அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டியது, ஆனால் அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த 9 படங்களுக்கும் இப்படி எழுதலாம். கடித வாசகத்தை நான் தருகிறேன். 26 படங்கள் நிறுவனங்களுக்காக வரையப்பட்டவை. பெரும்பாலும் உரிமை நிறுவனத்திடம் இருக்கும், ஓவியரே ஆசைப்பட்டாலும் அவரால் தரமுடியாது. அவற்றை விட்டுவிடுவோம்.

பொதுச்சொத்தாகிவிட்ட ஓவியங்கள் ஏராளம். ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு அறுபது ஆண்டு முடிந்தால் இந்தியாவில் உரிமை முடிகிறது. 1906இல் மறைந்த ரவி வர்மாவும் 1883இல் மறைந்த பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயும் தீட்டியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். டோரேயின் கோட்டோவியங்களில் இருக்கும் காடுகளைப் பாருங்கள். குன்னூர்க் காவலன் தொலைந்துபோக அதைவிட நல்ல காடு கிடைக்காது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவற்றை எடுத்தால் நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று சில சொல்லும். மாற்றக்கூடாது என்று சில சொல்லும். ஓரத்தை வெட்டுவதும் மாற்றமாகலாம்.

ஆனால் என் மனம் நிற்கும் இடம் வேறு. பஸ்களுக்கும் கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதிய பெரியவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். பிளக்ஸ் வந்தபிறகு தூரிகையை மூட்டைகட்டி வைத்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், கூடலூர்த் தம்பியின் தகரப் பெட்டிக் கதையை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டார். படத்துக்கு 300 ரூபாய் போதும் என்கிறார். 12 படத்துக்கு 3,600 ரூபாய். 200 பிரதிக்குப் பிரித்தால் ஒரு புத்தகத்துக்கு 18 ரூபாய். வண்ணப் பக்கங்கள் போய்க் கறுப்புக் கோட்டோவியங்கள் வந்தால் அச்சுச் செலவில் அந்தப் பதினெட்டு ரூபாய் மிச்சமாகிவிடும் என்று தொழில் தெரிந்தவனாக உறுதி சொல்கிறேன். விலை 150ஐத் தாண்டாது. குன்னூரில் வரைபடம் போடும் பையன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் இன்னும் யாரும் கேட்கவே இல்லை. கேளுங்கள்.

உங்களில் சிலர் என்மேல் கோபப்படுவீர்கள். வேறு அச்சகத்தில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் ஒரே நாளில் அடித்துத் தருவார்கள், அதுவும் தெரியும். கொடுப்பதானால் முன்பக்கத்தில் என் கடைக்கு நன்றி சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடை மாடிக்கு வாருங்கள். நான்கு குழுவிலிருந்தும் இரண்டிரண்டு பேர் வந்தால் போதும். பெரியவரும் வருகிறார். அவர் முன்னால் கதைகளை வாசிப்போம்.

நம்மவர் வரைந்த மூன்று படங்களையும் அவற்றுக்குரிய பக்கங்களில் சேர்த்துவிட்டேன். காட்டெருமை முழுப் பக்கத்துக்கு வருகிறது, கொம்புகளுக்கிடையே ஊரும் விளக்குகளும் அப்படியே இருக்கின்றன. கீழே பெயரை எப்படிப் போடவேண்டும் என்று நேற்று அவளிடம் கேட்டேன். அப்பாவின் முதலெழுத்தோடு அம்மாவின் முதலெழுத்தும் வேண்டும் என்றாள். அப்படியே கோத்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து உங்கள் அச்சுக்கடைக்காரன்